ஒரு யூனிட் 31 டாலர்: டி ஆன்ஸா, ஃபுட்ஹில் காலேஜ் சுற்றி வர ஒரு சிக்கன வழி

ஊரிலிருந்து கூப்பர்டினோவுக்கு வரும் அப்பா அம்மா, மாமா மாமி எல்லோரையும் நம்மவர்கள் தவறாமல் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ஆப்பிள் பார்க் விசிட்டர் சென்டர். அங்கே இருப்பது ஒரு கடை, ஒரு காபி கவுண்டர், மொட்டை மாடி ஏறினால் மரங்களுக்கு நடுவே கொஞ்சூண்டு தெரியும் கண்ணாடிக் கட்டடம். உள்ளே விட மாட்டார்கள். டீ ஷர்ட் விலையைப் பார்த்துவிட்டு மாமா பேசாமல் வெளியே வந்துவிடுவார். அதே ஊரில் சில மைல் மேற்கே, ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில், 112 ஏக்கர் வளாகம் யாரும் தடுக்காமல் திறந்து கிடக்கிறது. டி ஆன்ஸா காலேஜ், முதல் இரண்டு வருடப் படிப்பை முடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாற வழிவிடும் கம்யூனிட்டி காலேஜ். நுழைவுச்சீட்டு கிடையாது. சிலிக்கான் வேலியில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஆப்பிள் கடையை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் பஸ், ஏனென்றால் பணம் கரைவது அங்கேதான். சான் ஹோசே விமான நிலையத்திலிருந்து வி.டி.ஏ. (இந்த வட்டாரப் போக்குவரத்து நிறுவனம்) 60-ம் நம்பர் பஸ். வேலி ஃபேர் மால் பக்கம் இறங்கி, ஸ்டீவன்ஸ் கிரீக்கில் மேற்கே போகும் 23 அல்லது 523-ல் ஏறினால் காலேஜ் வாசல். 523 ரேபிட், நிறுத்தம் குறைவு. 23 ஊர்ந்து வரும். கிளிப்பர் என்ற பயண அட்டையைத் தட்டினால் 2.50 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் மாறினால் கூடுதல் காசு இல்லை. நோட்டை நீட்டினால் மாறும் சலுகை போச்சு, ஒவ்வொரு பஸ்ஸிலும் புதிதாக 2.50 கட்ட வேண்டும், சில்லறையும் திருப்பித் தர மாட்டார்கள். ஐந்து டாலர் போட்டால் ஐந்து டாலரும் பெட்டிக்குள்தான். இதே தூரத்துக்கு ஆப் டாக்ஸி கேட்கும் தொகைக்கு நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

காரில் வந்தால் வேறு தலைவலி. பார்க்கிங் பலகையைப் படிக்காமல் நிறுத்தாதீர்கள். ஊழியர்களுக்கென்று குறித்த இடத்தில் நிறுத்தினால் கண்ணாடியில் அபராதச் சீட்டு நிச்சயம். குவார்ட்டர் (படிப்புப் பருவம்) தொடங்கிய முதல் இரண்டு வாரம் காலை பத்து மணிக்குப் போனால் இடம் தேடியே அரை மணி போய்விடும். அப்புறம் கொஞ்சம் பேர் வகுப்பை விட்டுவிடுவார்கள், இடம் தானாகக் கிடைக்கும். கேலியாகச் சொல்லவில்லை, கம்யூனிட்டி காலேஜ் கணக்கே அதுதான்.

எப்போது போவது? செப்டம்பர் கடைசியில்தான் இலையுதிர் குவார்ட்டர் ஆரம்பம். ஆகஸ்ட் கடைசியில் போனால் வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். செவ்வாய் முதல் வியாழன் வரை காலை நேரம்தான் கூட்டம். வெள்ளிக்கிழமை வளாகம் தூங்கும். வளாகத்தில் விடுதி இல்லை என்பதால் வகுப்பு முடிந்ததும் அவரவர் பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

வளாகத்தில் நேராகப் போக வேண்டியது லெ பெட்டி ட்ரியானான் என்ற வெள்ளை மாளிகைக்கு. பெயரைப் பார்த்தாலே தெரியும், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து மாளிகையை மனதில் வைத்துக் கட்டியது. 1890-களில் சார்லஸ் பால்ட்வின் என்ற பணக்காரர் இங்கே திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் தயாரித்தார். அவருக்காக வீட்டை வடிவமைத்தவர் வில்லிஸ் போல்க். காலேஜ் வந்தபோது இடிக்க வேண்டியது, போராடிக் காப்பாற்றி, இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். இப்போது அதில் கலிபோர்னியா வரலாற்று மையம் இயங்குகிறது. பக்கத்தில் பள்ளத்தில் இறங்கும் சங்கன் கார்டன், அதுவும் பால்ட்வின் காலத்து மிச்சம். பழைய ஒயின் ஆலைக் கட்டடமும் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது.

ஃப்ளின்ட் சென்டரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலிருந்து மெக்கின்டாஷை எடுத்து மேடையில் வைத்தது இந்தக் காலேஜ் அரங்கத்தில்தான். 1998-ல் ஐமேக், 2014-ல் ஆப்பிள் வாட்ச், எல்லாம் இங்கேதான். கிட்டத்தட்ட 2,400 இருக்கை. 2019-ல் மூடிவிட்டார்கள். நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பலப்படுத்தும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டார்கள். உலகத்தையே மாற்றிய மேடை என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், அதைக் காப்பாற்ற அத்தனை கோடீஸ்வரர்கள் இருக்கும் ஊரில் ஆளில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஆப்பிளின் இன்னொரு ஸ்டீவ், வாஸ்னியாக், இந்தக் காலேஜில் படித்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார் என்பது கூடுதல் தகவல்.

யார் அந்த ஃப்ளின்ட்? கால்வின் ஃப்ளின்ட், டி ஆன்ஸா, ஃபுட்ஹில் இரண்டையும் நடத்தும் கல்லூரி மாவட்ட நிர்வாகத்தின் முதல் கண்காணிப்பாளர். கதை டி ஆன்ஸாவில் தொடங்கவில்லை. 1957-ல் மாவட்டம் அமைந்தது, 1958-ல் மவுன்டன் வியூவில் எல் கமினோ ரியல் ஓரம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் ஃபுட்ஹில் காலேஜ் வகுப்புகள் தொடங்கின. 1961-ல் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் குன்றுக்குக் குடிபோனது. கூட்டம் தாங்காமல் 1967-ல் டி ஆன்ஸாவைத் திறந்தார்கள். 1776-ல் இந்தப் பக்கம் வந்த ஸ்பானியப் பயணி ஹுவான் பவுடிஸ்டா டி ஆன்ஸாவின் பெயர்தான் அது. நடுவில் 1960-ல் கலிபோர்னியா உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது: பள்ளிப் படிப்பில் முதலில் நிற்கும் எட்டில் ஒரு பங்கு மாணவருக்கு யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா), முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி, மிச்சம் யார் கதவைத் தட்டினாலும் கம்யூனிட்டி காலேஜ். கட்-ஆஃப், நுழைவுத் தேர்வு என்ற பேச்சே இல்லை.

இனி காசு. கலிபோர்னியாவாசிகளுக்குக் குவார்ட்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) ஒன்று 31 டாலர். ஐந்து யூனிட் கால்குலஸ் வகுப்பு 155. ஒரு குவார்ட்டரில் 15 யூனிட் எடுத்தால் 465, யு.சி.க்கு மாறத் தேவையான 90 யூனிட்டும் சேர்த்து 2,790. மாணவர் சங்கம், உடல்நலம் என்று சில்லறைக் கட்டணங்கள் தனி. யு.சி.யில் ஒரே வருடத்துக்கு உள்ளூர்க்காரருக்கே 14,000 டாலருக்கு மேல். அப்படியிருந்தும் “கம்யூனிட்டி காலேஜா?” என்று முகம் சுளிக்கும் அங்கிள்களை என்ன செய்வது?

வெளி மாநிலத்தவருக்கும் எஃப்-1 விசாவில் வந்து படிக்கும் மாணவருக்கும் இந்த விலை கிடையாது, பல மடங்கு. எச்-1பி வேலை விசாக்காரரோடு எச்-4 விசாவில் இருக்கும் மனைவி அல்லது கணவருக்கு உள்ளூர்க் கட்டணத்துக்கான கலிபோர்னியா வசிப்பிடத் தகுதி கிடைக்கும், ஆனால் குவார்ட்டர் தொடங்கும் நாளுக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், வரி, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள். ஜனவரிக் குவார்ட்டருக்கு டிசம்பர் கடைசியில் காகிதம் தேடினால் வெளியூர்க் கட்டணம்தான் பில்லில் வரும். பள்ளியில் படித்துக்கொண்டே இங்கேயும் வகுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்கு யூனிட் கட்டணம் இல்லை. இது தெரியாமல் தனியார் கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள் கூப்பர்டினோவிலேயே நிறைய.

வகுப்பில் இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பதிவு தேதி ஆளுக்கு ஆள் மாறும். யூனிட் அதிகம் முடித்தவருக்கு முன்னால், புதியவருக்குப் பின்னால். புதியவர் உள்ளே நுழையும்போது கெமிஸ்ட்ரி நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்குக் கண்டிப்பாக நேரில் போய் உட்கார வேண்டும். வருகைப் பட்டியலில் பதில் வராத பெயரை வாத்தியார் அங்கேயே அடித்துவிடுவார். அந்த இடத்துக்கு வெயிட்லிஸ்ட் வரிசைப்படி ஆட் கோடு (வகுப்பில் பதிந்துகொள்ளும் குறியீடு) தருவார். கோடு கையில் வந்தால் அன்றே பதிந்துவிடுங்கள், கெடு தாண்டினால் அது செல்லாது. பிடிக்காத வகுப்பை இரண்டாம் வாரத்துக்குள் விட்டால்தான் பணம் திரும்பும், மதிப்பெண் பட்டியலில் இடையில் விட்டதற்கான டபிள்யூ குறி விழாது. தேர்வு வாரத்தோடு சேர்த்துக் குவார்ட்டர் பன்னிரண்டே வாரம். நான்காம் வாரம் மிட்டர்ம் நிற்கும். செமஸ்டர் வேகத்துக்குப் பழகியவர்கள் விழுவது இங்கேதான்.

புத்தக விலை சில வகுப்பில் கட்டணத்தையே மிஞ்சும். அட்டவணையில் பாடப்புத்தகச் செலவில்லா வகுப்புகள் என்ற குறியைப் பார்த்து எடுங்கள், இல்லையேல் நூலகத்திலேயே வைத்துப் படிக்கும் ரிசர்வ் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இங்கிருந்து யு.சி.க்கு மாறுவதற்கு டேக் என்ற சேர்க்கை உத்தரவாதம் உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என ஆறு யு.சி. வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும்தான் போடலாம். விண்ணப்பிக்கும் காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, எல்.ஏ., சான் டியேகோ இந்தத் திட்டத்தில் இல்லை. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்த்துவிட்டு, பிறகு கவுன்சலரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரம் பொதுப் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

ஃபுட்ஹில்லுக்கு வருவோம். காரில் 280 நெடுஞ்சாலையில் ஏறி எல் மான்ட்டி சாலையில் இறங்கினால் பத்து நிமிடச் சொச்சம். பஸ்ஸில் இரண்டு காலேஜுக்கும் நேர்வழி இல்லை, ஒரே மாவட்டம் நடத்துகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டி ஆன்ஸாவிலிருந்து 55-ம் நம்பர் பஸ்ஸில் சன்னிவேல் ரயில் நிலையம், கால்ட்ரெயின் என்ற ரயிலில் ஒரே நிறுத்தம் மவுன்டன் வியூ, அங்கிருந்து 40 அல்லது 52-ம் நம்பர் பஸ். கால்ட்ரெயினில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு நிறுத்தத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை இந்த வழியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால், அடடா. எர்னஸ்ட் கம்ப் வடிவமைத்த வளாகம், 1962-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் விருது பெற்றது. ரெட்வுட் மரச் சுவர், அகலமாக இறங்கும் மர ஓட்டுக் கூரை, அந்தக் கூரை நிழலிலேயே வகுப்புக்கு வகுப்பு நடக்கலாம். வண்டிகளெல்லாம் அடிவாரத்தில், மேலே மனிதர்கள் மட்டும். விளையாட்டுத் திடல் அடுத்த குன்றில், நடுவில் சாலைக்கு மேல் ஒரு நடைபாலம். படிகள் அதிகம், முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் மாற்றுத் திறனாளி நிறுத்தம் எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். டி ஆன்ஸா சந்தைத் தெரு மாதிரி பரபரப்பு, ஃபுட்ஹில் அமைதி. அழகுக்கு ஃபுட்ஹில், பிள்ளையைச் சேர்க்க டி ஆன்ஸா என்பது என் தீர்ப்பு.

சாப்பாட்டை வளாகத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். திரும்பும் வழியில் சன்னிவேலில் எல் கமினோ ரியல் ஓரம் இட்லி தோசைக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. சனிக்கிழமை டி ஆன்ஸா கோளரங்கத்தில் மக்களுக்கான காட்சிகள் இருக்கும், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். காட்சி தொடங்கிவிட்டால் இருட்டுக்குள் விட மாட்டார்கள்.