டோராவும் டர்போபம்பும்

இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி உருவாக்கிய வி-2 ஏவுகணை பற்றிய பாடத்தில், அதைத் தயாரிக்கக் கைதிகளை அடைத்துவைத்திருந்த டோரா வதைமுகாமைப் பற்றி நான் பேசுவது எங்கள் துறையின் மூத்த பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. "பசங்களுக்கு டர்போபம்ப் புரிந்தால் போதும் சார், மற்றதை வரலாற்றுத் துறை பார்த்துக்கொள்ளும்" என்றார், எரிபொருளை எஞ்சினுக்குள் தள்ளும் பம்பைச் சொல்லி. "உற்பத்தியும் பொறியியல்தானே சார்" என்றேன். அந்தப் பதில் போதுமானதா என்று இன்னும் தெளிவில்லை.

1943 ஆகஸ்டில் வி-2 உருவாக்கப்பட்ட பேனமுண்டே ஆய்வு மையத்தைப் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கிய பிறகு, ஏவுகணை உற்பத்தி நோர்ட்ஹவுசனுக்கு அருகிலுள்ள கோன்ஸ்டைன் மலைக்குள் மாற்றப்பட்டது. புகென்வால்ட் வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் அங்கிருந்த சுரங்கங்களை மேலும் குடைந்தார்கள். வெடிப்புகையும் பாறைத்தூசியும் நிறைந்த அதே சுரங்கத்தின் குறுக்குப் பாதைகளில், அடுக்குப் பலகைகளில், மாதக்கணக்கில் பகல் வெளிச்சம் காணாமல் உறங்கினார்கள். பாதியாக வெட்டிய பீப்பாய்களே கழிப்பிடம். 1944-இல் ஹங்கேரிய யூதர்களும், 1945 தொடக்கத்தில் ஆஷ்விட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாசவேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தொழிற்கூடத்தின் கிரேனிலேயே தூக்கிலிட்டார்கள். முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் வந்த சுமார் 60,000 பேரில் மூன்றில் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை.

"சரி, அந்த பம்பின் வரைபடத்தில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?" என்று அவர் கேட்டதுதான் என்னை விடாமல் துரத்துகிறது. வரைபடத்தில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தொழில்நுட்பத் தேர்ச்சியுள்ள கைதிகளைப் பொறுக்கியெடுக்கத் தானே புகென்வால்டுக்குப் போய் வந்ததாக, வி-2 திட்டத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் ஃபான் பிரவுன் 1944 ஆகஸ்டில் எழுதிய கடிதம் இருக்கிறது. சுரங்கத் தொழிற்சாலையின் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப் பின்னாளில், மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய அமெரிக்காவின் சாட்டர்ன்-5 ராக்கெட் திட்டத்துக்குத் தலைமை வகித்தார். டோரா பற்றிய விசாரணை நெருக்கியதும் 1984-இல் அமெரிக்காவை விட்டு வெளியேறினார். ஆள் சேர்ப்பதும் கெடு நிர்ணயிப்பதும் பொறியாளரின் வேலைக்குள் வராது என்று யார் சொல்ல முடியும்? அன்று இதைச் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றும் தோன்றவில்லை.

ஆனாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து எழும் நீராவியில் அந்த பம்ப் சுழன்று, ஆல்கஹாலையும் திரவ ஆக்சிஜனையும் எரியறைக்குள் தள்ளும் விதத்தை விளக்கும்போது என் குரலில் ஏறும் உற்சாகத்தை மாணவர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். அதன்பின் டோராவுக்கு நான் ஒதுக்கும் பத்து நிமிடம், பாராட்டியதற்குப் பரிகாரமா? அடுத்த பருவத்தில் டோராவை முதலில் வைக்கலாமா என்று கேட்டேன். பம்பின் மீது வெறுப்பு வந்துவிடும் என்கிறார் அவர்; வராது என்பதுதான் என் கவலை.