பங்காளிக் கணக்கு தீர்ந்த விதம்

திருப்பூரில் நண்பரும் நானும் பங்காளிகளாக நடத்திய பவர்டேபிள் யூனிட்டை, அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் கூடத்தை, மூடியபோது, மெஷின்களை விற்பதில் தகராறே வரவில்லை. ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷின்களுக்கும் பழைய மெஷின் விலை ஊரறிந்தது. முட்டிக்கொண்டது வேறு இரண்டு விஷயங்களில்தான். ஒரு தீபாவளிக்கு போனஸ் கொடுக்க நான் போட்ட இரண்டு லட்சம் தொழிலில் போட்ட முதலா, கடனா? தினமும் யூனிட்டில் நின்ற அவருக்குச் சம்பளம் உண்டா?

போனில் பேசினால் பழைய கோபமெல்லாம் கிளம்பியது. அதனால் ஆடிட்டர் முன் உட்கார்ந்தோம். "யாருக்கு எவ்வளவு என்பது கடைசியில்" என்று சொல்லிவிட்டு, 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆவது பிரிவை விளக்கினார். கையில் இருக்கும் பணத்தில் முதலில் வெளிக்கடன் அடைய வேண்டும். அடுத்தது பங்குதாரர் கொடுத்த கடன், அதற்குப் பிறகே அவரவர் போட்ட முதல். மிச்சம் இருந்தால்தான் லாப விகிதப்படி பங்கு. நூல் கடைக்கும் டெய்லர்களுக்கும் கொடுத்தபின் இருவரின் முதலுக்கும் போதாது என்று தெரிந்தது. என் இரண்டு லட்சம் எந்த வரிசையில் நிற்கிறது என்பதே அப்போது முழுப் பிரச்சினை ஆகிவிட்டது.

விடை நண்பருடைய நோட்டிலேயே இருந்தது. அந்தத் தேதிக்கு நேராக, அவர் கையெழுத்தில், "கைமாற்று". நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை.

சம்பளத்தில் சட்டம் என் பக்கம். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது என்கிறது 13ஆவது பிரிவு. அதே பிரிவுதான் நான் கொடுத்த கடனுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் தருகிறது. ஆனால் காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கிய மனிதரிடம் சட்டப் பிரிவைக் காட்டி எழுந்துவர எனக்கு மனம் வரவில்லை. வட்டியை விட்டுக்கொடுத்தேன், அவர் சம்பளப் பேச்சை விட்டார்.

கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்யாத நிறுவனம், வழக்கு கோர்ட்டில் நிற்காது என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது பாதி உண்மை. கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட 69ஆவது பிரிவு தடை சொல்வதில்லை. கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இது இருவருக்கும் தெரிந்ததால்தான் பேச்சு ஒழுங்காக நடந்தது என்று நினைக்கிறேன்.

முத்திரைத்தாளில் கலைப்பு ஒப்பந்தம் எழுதினோம். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்தோம். ஜாப் ஒர்க்காக எங்களிடம் தைக்கக் கொடுத்த ஒரு கம்பெனியின் பாக்கி மட்டும் இன்னும் வரவில்லை. அதற்காக வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறோம். இருவரும் கையெழுத்துப் போடாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.