கடலுக்கு எதுக்குல துட்டு?

சிட்னிக்கு வந்த இரண்டாவது வருடம்தான் தூண்டில் வாங்கினேன். தூத்துக்குடிக்காரன் இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்திருந்தான் என்று கேட்காதீர்கள். வேலை, வீடு, குழந்தை என்று ஓடிவிட்டது. வாங்கிய மறுநாள் ஆபீஸில் பெருமையாகச் சொன்னபோது பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட முதல் கேள்வி, எங்கே போகப் போகிறாய் என்பது இல்லை. ஃபீஸ் கட்டியாகிவிட்டதா என்பதுதான். கடற்கரையில் நின்று தூண்டில் போட ஃபீஸா? கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

கேலி இல்லை. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆறோ கடலோ, பொழுதுபோக்காக மீன் பிடிக்கிற பெரியவர்கள் பணம் கட்ட வேண்டும். எல்லோரும் லைசென்ஸ் என்கிறார்கள், சட்டத்தில் அதன் பெயர் கட்டணம். நான் கட்டியபோது மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14, ஒரு வருடத்துக்கு 35, மூன்று வருடத்துக்கு 85. பரீட்சை, போட்டோ, கையெழுத்து எதுவும் கிடையாது. பெயர், முகவரி, கார்டு நம்பர். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும், இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும், உள்ளூர் பென்ஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. மற்ற எல்லோரும் ரசீதைக் கையிலோ போனிலோ வைத்திருக்க வேண்டும்.

ரசீது வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்கு. பணம் கட்டியது ஐந்து நிமிடம், மீதியைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.

முதல் தடவை வீட்டுக்குப் பக்கம் என்று, சிட்னி துறைமுகத்தில் போய்ச் சேர்கிற பாரமட்டா ஆற்றுக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையை விடப் பெரிதாக பிரீம் என்கிற மீன் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு போன் போட்டு மசாலா அரைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஐம்பது அடி தள்ளி ஒரு போர்டு. ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தது. பழைய தொழிற்சாலைகள் விட்டுப்போன டையாக்சின் என்கிற நச்சு ஆற்றுச் சேற்றில் தங்கி, மீனுக்குள் ஏறியிருக்கிறதாம். அதனால்தான் 2006-லேயே சிட்னி துறைமுகத்தில் வியாபாரத்துக்கு மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததையும் அளவாகத்தான் சாப்பிடலாம், மாதத்துக்கு 150 கிராம். மீனைத் தண்ணீரில் விட்டேன். அரைத்த மசாலாவைக் கத்திரிக்காயில் போட்டோம்.

இரண்டாவது தடவை இன்னொரு தப்பு. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய இறக்குமதி இறாலை இரையாக எடுத்துப் போனேன். பக்கத்தில் நின்ற கிழவர் பையைப் பார்த்துவிட்டு, அதைப் போடாதே தம்பி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். வெண்புள்ளி நோய். நம் ஊர் இறால் பண்ணைக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத வைரஸ், இறாலைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். 2016 கடைசியில் குயின்ஸ்லாந்தில் லோகன் ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளில் புகுந்து எல்லாவற்றையும் காலி செய்துவிட்டது. சமையலுக்கு விற்கிற இறாலை இரையாகப் போட்டால் நோய் அப்படியே கடலுக்குள் போய்விடலாம். இரையை இரைக் கடையில்தான் வாங்க வேண்டும். அவர் விளக்கி முடிப்பதற்குள் நான் அந்த இறாலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். ராத்திரி தொக்கு.

அப்புறம் அளவுகோல். இதுதான் உண்மையான லைசென்ஸ் என்று நான் சொல்வேன். பிரீம் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்குப் பத்துதான். டெய்லர், ஸ்னாப்பர் என்கிற மீன்கள் இரண்டுக்கும் 30. சாண்ட் வைட்டிங்குக்கு 27, இருபது வரை எடுக்கலாம். இந்த வைட்டிங் வேறு ஒன்றும் இல்லை, நம் கிழங்கானின் சொந்தக்காரன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, வாயை மூடி வைத்து அளக்க வேண்டும். கரையிலேயே செதில் சுரண்டலாம், குடலை எடுக்கலாம். துண்டு போடக் கூடாது, போட்டால் பிறகு எப்படி அளப்பது? நம்பரையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். எழுதியதெல்லாம் மாறும் என்பதால் இப்போது அரசாங்கத்தின் ஃபிஷ்ஸ்மார்ட் ஆப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கட்டிய பணம் எங்கே போகிறது என்று தேடியபோதுதான் ஒரு விஷயம் நெருடியது. உப்புநீரில் பிடிப்பவர்களுக்கும் கட்டணம் என்று 2001-ல் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே முப்பது இடங்களைத் தூண்டில்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அதில் ஒன்றுதான் நான் போகிற பாட்டனி பே விரிகுடா. அங்கே வலை போட்டுக்கொண்டிருந்த தொழில்காரர்களின் உரிமத்தைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், அந்தப் பணம் என்னைப் போன்றவர்கள் கட்டுகிற கட்டணத்திலிருந்து. யாரையும் சும்மா விரட்டவில்லை, நஷ்டஈடு கொடுத்தார்கள், சரி. ஆனாலும் பொழுதுபோக்குக்காரன் துட்டு கொடுத்துத் தொழில்காரனை எழுப்பிவிட்ட கரையில் நிற்கிறோம் என்பது, மீனவர் தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அவ்வளவு லேசாக இறங்கவில்லை. இப்போதும் இறங்கவில்லை. போகாமலும் இல்லை.

அப்பா வந்தது அதற்குப் பிறகு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் முயல் தீவுப் பக்கம் தூண்டிலோடு போய்விடுவார். கம்பு, சக்கரம் எல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூஸ், ஒரு ஈயம், ஒரு முள், அவ்வளவுதான். ஆறு வாரம் தங்கப் போகிறார் என்றதும் அவருக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொன்னேன்.

"கடலுக்கு எதுக்குல துட்டு? கடல் என்ன உங்க சர்க்காரு வெட்டுன குளமா?"

பென்ஷன் வாங்குகிறவர்தான், ஆனால் அந்தச் சலுகை இங்கத்திய கார்டுக்கு. சரி, அவர் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாட்டனி பேயில் பிரைட்டன்-லி-சாண்ட்ஸ் கரையில் இரண்டு வாரம் அப்படியே போயிற்று. எதிரே சிட்னி விமான நிலையத்தின் ஓடுபாதை விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். விமானம் இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம், நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் என் தூண்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது சீருடை போட்ட மீன்வள அதிகாரி அவர் பக்கத்தில் நிற்கிறார்.

அந்தப் பெண் அதிகாரி கத்தவில்லை, மிரட்டவில்லை. என் ரசீதைப் பார்த்தார், வாளியில் இருந்த இரண்டு கிழங்கானையும் அளந்தார். 29, 31. அப்புறம் அப்பாவிடம் திரும்பினார். தூண்டிலைச் சும்மா கையில் வைத்திருந்தார் என்று நான் சொன்னேன். தண்ணீர் ஓரத்தில் தூண்டிலைக் கையில் வைத்திருந்தாலே கட்டணம் உண்டு, மீன் மாட்ட வேண்டும் என்று இல்லை என்றார். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். எச்சரிக்கையோடு விட்டார். அங்கேயே நின்று போனில் 14 டாலர் கட்டினேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறிய பிறகு, "அளந்து பாத்தாளே அந்தப் புள்ள, நம்ம மீன்துறைக்காரன் கூட அப்படிக் குனிஞ்சு பாக்க மாட்டான்" என்றார். பாராட்டா, நக்கலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

துட்டு கட்டியாகிவிட்டது, இனி விடுவாரா? மறுநாளிலிருந்து தினமும் கட்டைத் தூண்டில்தான். இரைக் கடையில் உறைந்த பில்சர்ட்டைப் பார்த்து, "இது நம்ம சாளைதான், இதைப் போயி ஐஸ்ல போட்டு விக்கான்" என்று வாங்கிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் இறங்குகிற நேரம், தங்கூஸ் அவர் விரலில் ஒரு தரம் தட்டியது. விட்டுப் பிடித்தார். அப்புறம் ஓடவில்லை, கீழேயே கனமாக இழுத்தது. நடுநடுவே தலையை உதறுகிற மாதிரி ஒரு வெட்டு. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். முழங்கால் தண்ணீரில் அது மேலே வந்தபோது முதலில் தெரிந்தது வால்தான்: மேல்பாதியில் கறுப்புப் பொட்டு, கீழே நீலம். டஸ்கி ஃபிளாட்ஹெட். முதலையை நசுக்கியது போலத் தட்டைத் தலை. செவுள் ஓரம் முள் இருக்கும், குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். அதனால் ஈரத் துணியைப் போட்டு நான் பிடித்தேன், அப்பா அளவுப் பட்டையை விரித்தார். அவரே வாசித்தார்.

"எழுபத்தெட்டு."

எனக்குத் தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. டஸ்கி ஃபிளாட்ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் எல்லை. 36-க்குக் கீழேயும் எடுக்கக் கூடாது, 70-க்கு மேலேயும் எடுக்கக் கூடாது. அவர் வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அப்பா, விடணும்."

"சின்னதை விடச் சொன்ன, சரி. பெருசையும் விடணுமா? அப்ப எதைத்தாம்ல திங்கச் சொல்லுதான்?"

பெரிதாக இருப்பதெல்லாம் கிட்டத்தட்ட பெட்டை என்றேன். இந்த மீனில் ஆண் இந்த அளவுக்கு வளராது. பெரிய பெட்டை ஒன்று போடுகிற முட்டைக்குச் சின்னது பல சேர்ந்தாலும் ஈடாகாது. அவருக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லலாமே என்று கொடுவாவை இழுத்தேன்: அது முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெட்டையாக மாறுகிற மீன், பெரிய கொடுவாவைப் பிடித்தால் பிடித்தது தாய்தான். இதை அவர் நம்பவில்லை. "ஊர்ல வருஷா வருஷம் தடைக்காலம் போடுதாம்லா" என்றார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். "அதுவும் விசைப்படகுக்கு. தூண்டில்காரன் கிட்ட எவன் வந்து கேட்டான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சுற்றிலும் ஆள் இல்லை. அதிகாரி வருகிற நேரமும் இல்லை. மீன் ஈரத் துணிக்குள் செவுளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. பேசப் பேச அதற்கு நேரம் போகிறது என்பது என்னைவிட அவருக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும். முள்ளைக் கழற்றினார், என் கையிலிருந்து துணியோடு வாங்கினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடை அளவு தண்ணீர் வரை போனார். உடனே விடவில்லை. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, தலையை அலைப் பக்கம் காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டு நின்றார். இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு தரம் வாலை அடித்து அவர் மேல் தண்ணீர் தெறித்தது, அதற்கப்புறம் கையில் ஒன்றும் இல்லை.

"போட்டோ எடுத்தியா?"

எடுக்கவில்லை. அன்று வீடு வரை என்னோடு பேசவில்லை. மீனை விட்டதற்கு இல்லை, போட்டோவுக்காக.

ஊருக்குக் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும்போது போனைக் காட்டச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். அவருடைய லைசென்ஸில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தேன், ஒன்பது நாள்.

"மிச்சத் துட்டைத் திருப்பிக் கேளு" என்றார்.