அழைப்புக்குப் பணம் கொடுப்பவர் யார்?

கைபேசி வழி மருத்துவ ஆலோசனைத் திட்டங்களுக்கு வரவு செலவு போட்டுப் பார்ப்பது என் வேலை. புதிதாக வரும் குழுவினர் முதலில் செயலியைத் திறந்து காட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மானியம் நின்ற அடுத்த மாதம் மருத்துவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இதற்கு விடை தேடாமலே தொடங்கி, பணம் தீர்ந்ததும் நின்றுபோன முன்னோட்டத் திட்டங்கள் ஏராளம். ஒன்றோடொன்று ஒட்டாத சிறு திட்டங்கள் அளவு மீறிப் பெருகியதால், உகாண்டா அரசு 2012-இல் புதியவற்றுக்குத் தடையே போட்டது.

நோயாளியிடமே அழைப்புக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. காய்ச்சல்காரர் ஒருமுறை அழைப்பார், குணமானதும் மறந்துவிடுவார். அவரை மறுபடி வரவைக்க விளம்பரம் வேண்டும். அந்தச் செலவே கட்டணத்தை விழுங்கிவிடும். சந்தா இதைவிடத் தாங்கும். மெக்சிகோவின் மெடிகால்ஹோம் என்ற தொலைபேசி மருத்துவ ஆலோசனைச் சேவை மாதம் சுமார் 5 டாலரைத் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. வசூலுக்கென்று தனியே ஆள் வைக்க வேண்டாம் என்பதே அதில் பெரிய லாபம்.

நாள்பட்ட நோய்களில் கணக்கு வேறு. ஒருவரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மிச்சமாகும் பணம் காப்பீட்டாளருக்கோ, முதலாளிக்கோ, அரசுக்கோ போகிறது. அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வருகைக்கு வருகை கட்டணம் வாங்கும் மருத்துவமனையிடம் போய், வருகையைக் குறைத்துத் தருகிறோம், பணம் கொடுங்கள் என்று கேட்பது வீண். ஜெர்மனி 2019-இல் சட்டமே கொண்டுவந்தது: மருத்துவர் பரிந்துரைத்தால், அங்கீகரிக்கப்பட்ட செயலிக்குப் பொதுக் காப்பீடு பணம் தரும், பலன் உண்டென்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

பணம் தருபவர் கிடைத்துவிட்டாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. ருவாண்டாவில் அரசுக் காப்பீட்டோடு இணைந்து, 20 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருந்த பேபில் சேவை, லண்டன் தாய் நிறுவனமான பாபிலான் 2023-இல் சரிந்தபோது தானும் நின்றது. அத்தனை பேரின் மருத்துவம் எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கடனில் தொங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளூரில் தனிக் கணக்கு, தனி உரிமம், தரவை ஒப்படைக்கும் நிபந்தனை மூன்றையும் இப்போது தொடக்கத்திலேயே கேட்கிறேன்.

செலவுப் பட்டியலில் அடிக்கடி விடுபடுகிறவர் செவிலியர். மருத்துவர் பேசி முடித்த பிறகு மாத்திரை கிடைத்ததா, பரிசோதனைக்குப் போனார்களா என்று திரும்ப அழைத்துக் கேட்பது அவர்தான். சந்தாவைப் புதுப்பிக்க வைப்பதும், காப்பீட்டாளர் கேட்கும் பலனை உண்டாக்குவதும் பெரும்பாலும் அந்த அழைப்புதான். ஆனால் செலவைக் குறைக்கச் சொன்னால் முதல் வெட்டு அவர் இடத்தில்தான் விழுகிறது. அதனால் பின்தொடர் அழைப்பையும் கட்டணம் பெறும் சேவையாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். பேச்சுவார்த்தையில் கடைசிவரை இழுபடுவது அந்த ஒரு வரி. மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும் அதில் நான் இறங்கி வருவதில்லை.