ஐந்தாவது சீசனும் மேற்குப் பார்த்த ஜன்னலும்

பிப்ரவரி 1, வியாழன்

சன் ஃபிலிம் ஒட்டுபவர் இன்றும் வரவில்லை. மேற்கு ஜன்னலில் பழைய போர்வை ஒன்றைத் துணிக் கிளிப்புகளால் மாட்டி வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு மேல் அதன் நெசவு வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுகிறது; நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறேன்.

‘ஏஞ்சல்’ தொடரின் ஐந்தாவது சீசனை மறுபடியும் எடுத்ததற்கு இந்த ஜன்னலும் ஒரு காரணம். லாஸ் ஏஞ்சலஸில் சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்துக்கொண்டு, இரவில் தெருவிலும் பகலில் பாதாளச் சாக்கடையிலுமாக நடமாடிய ஏஞ்சல் என்னும் ரத்தக் காட்டேரி, இந்த சீசனில் வுல்ஃப்ரம் அண்ட் ஹார்ட் என்னும் சட்ட நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் வந்து அமர்கிறான். நான்கு சீசன்களாக அவன் எதிர்த்து நின்ற நிறுவனம் அது. அவனுடைய அறையில் சுவர் அளவுக்குக் கண்ணாடி இருக்கிறது. அதற்கெனத் தனியாகப் பதப்படுத்திய கண்ணாடி என்பதால், வெயில் முகத்தில் விழுந்தாலும் அவன் எரிவதில்லை. அவனாக நடிக்கும் டேவிட் போரியனாஸ் அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கிறார், அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டவர் போல. முன்பு பார்த்தபோது இதை நான் கவனித்ததே இல்லை.

சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒருவகைப் புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும், இன்னொரு வகையை விட்டுவிடும் என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். பேனா ஓடவில்லை. இரண்டு முறை உதறிவிட்டு வரைந்தார்.

பிப்ரவரி 2, வெள்ளி

அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து திரையைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, உடம்பு இருக்கிற இருப்பில் ரத்தக் காட்டேரிக் கதைதான் கிடைத்ததா?” என்றாள், உப்பில்லாத ரசத்தை அவளுக்கு எதிரிலேயே குடித்து முடித்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நேற்றும் இன்றுமாக ஆறு எபிசோடுகள். எட்டாவதில் ஏஞ்சலும் ஸ்பைக்கும் ஒரு பாழடைந்த நாடக அரங்கில் அடித்துக்கொள்கிறார்கள். ஆன்மா உள்ள ரத்தக் காட்டேரி ஒருநாள் மனிதனாவான் என்று ஒரு தீர்க்கதரிசனம் உண்டு. ஆன்மா உள்ளவன் ஏஞ்சல் ஒருவன்தான் என்று இருந்த வரையில் அதில் சிக்கல் இல்லை, இப்போது இருவர். கோப்பையில் உள்ளதை யார் குடிக்கிறானோ அவனுக்கே அந்த விதி என்கிறார்கள். ஸ்பைக் ஜெயித்து, எடுத்துக் குடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது மவுண்டன் டியூ. சிரித்தேன், விலா வலித்தது. சிரிப்பு அடங்கியபின் வரும் காட்சிதான் மனத்தில் தங்குகிறது: கோப்பை பொய் என்று தெரிந்தும், தான் தோற்றது பொய் இல்லையே என்று ஏஞ்சல் உட்கார்ந்திருக்கிறான்.

ஹார்மனிக்கென்று ஒதுக்கிய ஒன்பதாவது எபிசோடை இம்முறை வேறு கண்ணால் பார்த்தேன். அவளும் ரத்தக் காட்டேரி, ஏஞ்சலின் செயலாளர். அந்த நிறுவனத்தில் மனித ரத்தம் குடிப்பது தடை என்பதால் ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடத்துகிறார்கள். தன் பரிசோதனை முடிவில் இருக்கக்கூடாதது இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவள் அந்த நாள் முழுவதும் தொலைபேசியை எடுப்பதும், காகிதங்களை அடுக்குவதும், எதிரில் வருபவரிடமெல்லாம் பல் தெரியச் சிரிப்பதுமாக ஓடுகிறாள். மெர்சிடிஸ் மெக்நாப் இதை வெறும் நகைச்சுவையாக நடித்திருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் ஐந்து குழாய் ரத்தம் எடுத்தார்கள். மாலையில் பன்னிரண்டாவது எபிசோடு.

மொத்தக் கணக்கில் இது 100வது. முதலில் ஒளிபரப்பானது 2004 பிப்ரவரி 4ஆம் தேதி. ஒரு நாள் முந்தியிருந்தால் சரியாக இருபது ஆண்டு. மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்த கார்டீலியா கண் விழிக்கிறாள், வருகிறாள், ஏஞ்சல் எந்த நிலைமைக்கு வந்திருக்கிறான் என்பதை அவனிடமே எடுத்துச் சொல்கிறாள். பிரியும் நேரத்தில் மேசைத் தொலைபேசி அடிக்கிறது. அவள் மருத்துவமனையில் இறந்துவிட்டாள், கண் விழிக்கவே இல்லை என்று செய்தி. திரும்பிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை. முதல் சீசனிலிருந்து உடன் வந்த சரிஸ்மா கார்ப்பெண்டருக்கு இந்த சீசனில் இந்த ஒரு எபிசோடுதான். அந்தத் தொலைபேசி மணியோசை மிகச் சாதாரணமான ஓசை.

ஆய்வகத்திலிருந்து வரும் அழைப்புக்கென்று நான் தனி ஒலி வைத்திருந்தேன். அதை இன்று மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

முகம் வீங்கிவிட்டது, மாத்திரைதான் காரணம் என்கிறார்கள், கண்ணாடியில் பார்த்தால் யாரோ.

பிப்ரவரி 9, வெள்ளி

பயாப்ஸி முடிந்தது. ஆறு மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். கூரையில் மின்விசிறியைச் சுற்றியிருந்த நீர்க்கறை இங்கிலாந்து வரைபடம் போல இருந்தது. அந்த ஆறு மணி நேரமும் ஏஞ்சல் அந்த நிறுவனத்தை ஏன் ஏற்றுக்கொண்டான் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மகன் கானர் இயல்பான ஒரு குடும்பத்தில், பழையது எதுவும் நினைவில்லாமல் வளர்ந்தவனாக வேண்டும் என்பதற்காக ஏற்றான். அதற்காக உடன் இருந்தவர்களின் நினைவுகளையும், அவர்களைக் கேட்காமலேயே, மாற்றவைத்தான். வெஸ்லிக்கும் ஃப்ரெட்டுக்கும் தாங்கள் எதை மறந்தோம் என்பதே தெரியாது. நல்லதைச் செய்தான் என்று முன்பெல்லாம் அவனுக்காக வாதாடுவேன். நோய் வந்தவளைக் கேட்காமல் சுற்றியிருப்பவர்கள் முடிவெடுத்துக்கொள்வதை நேரில் கண்ட பிறகு அப்படி வாதாட வாய் வரவில்லை.

அக்காவும் அத்தானும் வராந்தாவில் மெதுவாகப் பேசினார்கள். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

2004இல் இதே தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் தொடரை இந்த சீசனோடு நிறுத்துவதாக டபிள்யூ.பி. தொலைக்காட்சி அறிவித்தது. பதின்மூன்று எபிசோடுகள்தாம் ஒளிபரப்பாகியிருந்தன, மீதி ஒன்பது. ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், திரைத்துறை இதழ்களில் காசு போட்டு விளம்பரம் கொடுத்தார்கள், விளம்பரப் பலகை கட்டிய வண்டியை ஓடவிட்டார்கள், தொடரின் பெயரால் ரத்ததான முகாம்கூட நடத்தினார்கள். (ரத்தக் காட்டேரித் தொடரைக் காப்பாற்ற ரத்ததானம் என்று யோசித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.) ஒன்றும் பலிக்கவில்லை.

இந்த சீசனின் பிற்பகுதியை நான் பார்ப்பது இந்தத் தேதிக்காகத்தான் என்று தோன்றுகிறது. எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு மேசைமேல் பாதிக் கதை கிடக்கும்போதே முடிவு நாள் தெரிந்துவிடுகிறது; தெரிந்த பிறகும் புதன்கிழமை தோறும் ஒன்று கொடுத்தாக வேண்டும். ஐந்து நாள் கழித்து, அதாவது 18ஆம் தேதி, அவர்கள் ஒளிபரப்பியது எது என்றால், ஏஞ்சல் துணிப் பொம்மையாகிவிடும் கதை. பென் எட்லண்ட் எழுதி இயக்கியது. குழந்தைகளின் உயிரை உறிஞ்சும் ஒரு பொம்மை நிகழ்ச்சியைத் துப்பறியப் போகிறான். முழங்கால் உயரத்துக்குச் சுருங்கி, கம்பளிக் கையும் அதே முறைத்த புருவமுமாகத் திரும்பி வருகிறான். மறந்துபோன துப்பறிவாளன் இதில்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறான். ஸ்பைக் விழுந்து விழுந்து சிரிக்க, பொம்மை அவன்மேல் பாய்ந்து அடிக்கிறது. இன்று மூன்று முறை பார்த்தேன்.

அதே எபிசோடில் ஏஞ்சலின் கூட்டாளி கன், மூளையில் ஏற்றிய சட்ட அறிவு மங்குகிறது என்று பயந்து மருத்துவரிடம் போய், அது நிலைத்திருப்பதற்கு விலையாக, சுங்கத்தில் நிற்கும் ஏதோ பழம்பொருளை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறான். படித்துப் பார்க்காமல் போடுகிறான். பயாப்ஸிக்கு முன்னால் ஒரு நர்ஸ் நான்கு தாள்கள் நீட்டினார். நானும் படிக்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

முடிவு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

வரவில்லை. சன் ஃபிலிம்காரரும் வரவில்லை, நாளை என்கிறார். பதினைந்தாவது எபிசோடை இன்னும் தொடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இரவு பதினொன்றுக்குப் பதினைந்தாவதைப் போட்டேன்.

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோஸ் வீடனே எழுதி இயக்கியது. ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த கல்பேழை ஒன்றை ஃப்ரெட் ஆராய்கிறாள். அதிலிருந்து புஸ் என்று காற்று முகத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான். கன் கையெழுத்துப் போட்டு விடுவித்த பெட்டி அது. மறுநாள் படிக்கட்டில் லோர்னைப் பார்த்து, வெயிலைப் பற்றிய ஒரு பழைய பாட்டில் ஒரு வரி பாடுகிறாள். யார் பாடினாலும் அவர்களுடைய உள்ளும் வருவதும் லோர்னுக்குத் தெரிந்துவிடும். அவள் வாயிலிருந்து ரத்தம் வருவதற்கு முன்பே அவன் முகம் மாறுகிறது. பச்சைச் சாயமும் கொம்பும் ஒட்டிய முகத்தில் ஆண்டி ஹாலட் அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை; இந்தத் தொடருக்கு முன்னால் அவர் நடிகரே இல்லை. 2009இல், 33 வயதில், இதயம் செயலிழந்து இறந்துபோனார்.

அதன்பிறகு ஃப்ரெட் மருத்துவப் பிரிவில் இருக்க மறுத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். வெஸ்லி தூக்கிக்கொண்டு போகிறான். ஒரு முயல் பொம்மை வேண்டும் என்கிறாள்; அதற்கு ஃபைகன்பாம் என்று பெயர். மிச்சல் ஃபைகன்பாம் ஒழுங்கின்மைக் கோட்பாட்டில் பெயர் பெற்ற கணித இயற்பியலாளர். இயற்பியல் படித்த பெண், முயலுக்கு வேறு என்ன பெயர் வைப்பாள்? வெஸ்லி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறான். ஏமி ஆக்கர் இந்த இருபது நிமிடத்தில் அழகாக இறக்கும் வேலையைச் செய்வதில்லை. ஒரு கணம் கேலி பேசுகிறார், அடுத்த கணம் மிரண்டு கட்டிலின் மூலைக்கு ஒதுங்குகிறார், தான் பயப்படவில்லை என்று அப்பா அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் பயப்படுகிறார். நான் ஏன் இருக்கக்கூடாது என்னும் பொருளில் அவள் கேட்கும் கடைசிக் கேள்விக்கு வெஸ்லியிடம் பதில் இல்லை. எழுதியவரிடமும் இல்லை, பரவாயில்லை.

ஏஞ்சலும் ஸ்பைக்கும் அதே நேரத்தில் இங்கிலாந்தில், காட்ஸ்வோல்ட்ஸில் ஒரு ஆழ்கிணற்றின் வாயில் நிற்கிறார்கள். ஃப்ரெட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் உள்ளே புகுந்த இல்லீரியா என்னும் அந்தப் பழைய தெய்வத்தைத் திரும்ப இழுத்தால், லாஸ் ஏஞ்சலஸுக்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையில் ஆயிரக்கணக்கானோர் சாவார்கள். உலகம் எக்கேடு கெட்டால் என்ன என்று முதலில் ஏஞ்சல் சொல்கிறான். பிறகு செய்யாமல் நிற்கிறான். எனக்கு மருத்துவமனைக் கூரையின் நீர்க்கறை நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

தூங்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

சன் ஃபிலிம் ஒட்டியாயிற்று. இரண்டு பையன்கள் வந்து சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்து, முக்கால் மணி நேரத்தில் முடித்தார்கள். இடது மூலையில் மிளகு அளவுக்கு இரண்டு குமிழிகள் நிற்கின்றன. தானே வற்றிவிடும், ஒரு வாரம் தொடாதீர்கள் என்றார்கள். போர்வையை எடுத்துவிட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு எதிர்வீட்டு மாடியைப் பார்க்கிறேன், யாரோ மிளகாய் வற்றல் காயப் போட்டிருக்கிறார்கள். நான்கரை மணி வெயில் மடியில் வந்து விழுந்தது. கையை எடுத்துக்கொண்டுவிட்டேன். பிறகு வைத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பதினாறிலிருந்து பத்தொன்பது வரை. 2004இல் பதினாறுக்கும் பதினேழுக்கும் இடையில், மார்ச் 3 முதல் ஏப்ரல் 14 வரை ஆறு வாரம், புதிய எபிசோடு எதுவும் வரவில்லை. ஃப்ரெட்டின் உடலில் நீல நரம்பும் நீல முடியுமாக வேறொன்று நடமாடுவதைக் காட்டிவிட்டு ஆறு வாரம் காக்க வைத்திருக்கிறார்கள். நான் ஆறு நிமிடத்தில் அடுத்ததைப் போட்டுவிட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது. இல்லீரியா, அந்த உடம்பு தனக்கு மிகவும் சிறியது என்கிறாள். மாத்திரையால் ஊதிப்போன விரலில் மோதிரம் ஏறாமல் சோப்புப் போட்டு முயன்றுகொண்டிருந்தபோது அதைக் கேட்டேன்.

குமிழிகள் அப்படியே இருக்கின்றன.

பிப்ரவரி 24, சனி

அக்காவும் உட்கார்ந்து பார்த்தாள். யார் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்கவில்லை.

இருபத்திரண்டாவது, கடைசி. நிறுவனத்தை ஆட்டிவைக்கும் கூட்டத்தை ஒரே இரவில் தீர்த்துவிடுவது என்று முடிவான பிறகு ஏஞ்சல் எல்லோரையும், இதுவே கடைசி நாள் என்று நினைத்து இந்தப் பகலைக் கழித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறான். ஸ்பைக் ஒரு மதுக்கடை மேடையில் ஏறித் தன் பழைய கவிதையை வாசிக்கிறான். ஏஞ்சல் கானரோடு காபி குடிக்கிறான். கன் வீடற்ற இளைஞர்களுக்கான காப்பகத்துக்குப் போய் லாரியில் சாமான் ஏற்றுகிறான். இதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று காப்பகத்துப் பெண்ணைக் கேட்க, லாரியில் ஏற்ற இன்னும் சாமான் இருக்கிறதே என்பது போலப் பதில் சொல்கிறாள். வெஸ்லிக்குப் போக இடமில்லை. இல்லீரியாவின் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரவில் அவன் குத்துப்பட்டுக் கிடக்கும்போது அவள் வந்து, பொய் சொல்லட்டுமா என்று கேட்டு, ஃப்ரெட்டின் முகத்தைப் பூசிக்கொள்கிறாள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதெல்லாம் பார்த்தால் உனக்குத் தூக்கம் எப்படி வரும்?” என்றாள்.

எனக்கு அழுகை வந்த இடம் வேறு. அந்தக் கூட்டத்தின் நம்பிக்கையைப் பெறுவதற்காக, தான் மனிதனாவான் என்னும் தீர்க்கதரிசனத்தை வேண்டாம் என்று ஏஞ்சல் தன் ரத்தத்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். இனி அவனுக்குக் கண்ணாடி வழியே மட்டும்தான் வெயில். அந்தக் கட்டடமும் சற்று நேரத்தில் இடிந்து விழுகிறது.  எனக்குக் கோபமும் வந்தது.

பிறகு சந்து, மழை, எதிரில் ஒரு படை, மேலே ஒரு டிராகன். கன்னுக்கு வயிற்றிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஏஞ்சல் வாளை ஓங்குகிறான், திரை கறுக்கிறது. “அவ்வளவுதானா?” என்று அக்கா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். முடியாமல் போனதால் இப்படி விட்டார்கள் என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடிவு நாள் தெரிந்து வேலை செய்தவர்கள் வேண்டுமென்றே இங்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் கன் பிழைத்தானா என்று நான் இன்று வரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

ஒரு குமிழி வற்றிவிட்டது. மற்றது இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

பொம்மை எபிசோடை மறுபடியும் போட்டிருந்தேன். ஏஞ்சல் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு யாரையும் உள்ளே விடாதே என்று கத்தும் இடத்தில் தொலைபேசி அடித்தது. ஆய்வகத்து எண். புதிய ஒலி பழகவில்லை என்பதால் வேறு யாருடையதோ என்று நினைத்துவிட்டேன். நாளை காலை பத்தரைக்கு நேரில் வரச் சொன்னார்கள், உடன் ஒருவரை அழைத்து வரவும் சொன்னார்கள். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்து நாற்காலிமேல்