சிவப்பு மாருதிக்கு எந்த பேட், எந்த பாலிஷ்?

அப்பா 1998ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்களிடம்தான் ஓடுகிறது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை. தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றிலும் வெயிலிலும் ஷெட் இல்லாமல் நின்றதில் பெயிண்ட்தான் வெளுத்துப்போனது. பானட்டைத் தடவினால் விரலில் குங்குமம் மாதிரி ஒட்டும். மஞ்சக்குப்பத்தில் ஒரு பெயிண்டர் அண்ணனிடம் காட்டினேன். "முழுசா சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிடலாம் தம்பி" என்றார். எனக்கு மனசு வரவில்லை. கம்பெனி பெயிண்ட் போனால் போனதுதான். அதனால் பாலிஷ் போட்டே மீட்கலாம் என்று நானே இறங்கினேன்.

வெள்ளைப் பனியன் துணியில் துளி பாலிஷ் தொட்டு டிக்கி ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். துணி சிவந்தது. அப்படியென்றால் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு கிடையாது, நிறமேதான் மேல்பூச்சு. தேய்க்கத் தேய்க்கக் குறைவது அந்த நிறம்தான். அதனால் இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

வாஷ் முடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) ஓட்டினேன். முதலில் கரகரவென்று இழுத்தது, கொஞ்ச நேரத்தில் வழுக்கியது. மெஷின் டூயல் ஆக்‌ஷன், அதாவது சுற்றிக்கொண்டே அதிர்வது; பேட் எனும் ஃபோம் அல்லது கம்பளி வட்டை ஒட்டும் பிளேட் 5 இஞ்ச். பட்டறைகளில் ஓடும் ரோட்டரி ஒரே வட்டமாகச் சுழன்று வேகமாக வெட்டும், ஆனால் ஒரே இடத்தில் சூடேற்றிவிடும். புதுக் கைக்கு அது வேண்டாம்.

பானட்டில் இரண்டடிச் சதுரத்தை டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தேன். முதல் பாகத்தில் மெகுயர்ஸ் கம்பெனியின் 205 பாலிஷும் மிருதுவான ஃபினிஷிங் பேடும். பளபளப்பு வந்தது, போர் தண்ணீர்க் கறை அப்படியே நின்றது. இரண்டாவதில் அதே பாலிஷ், பேட் மட்டும் கொஞ்சம் கெட்டியான ஃபோம். கறை பெரும்பாலும் போய்விட்டது. மூன்றாவதில் அதே கம்பெனியின் 105 காம்பவுண்டும் (கடுமையாக வெட்டும் பாலிஷ்) கம்பளி பேடும். இரண்டே ஓட்டத்தில் கறை மாயம், ஆனால் மேகம் படிந்தது போல மங்கல். இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். பேடை மாற்றியதில் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பேட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வேறு, இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு வேறு. கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் (கெட்டியிலிருந்து மிருது வரை) எது என்று கேட்டு வாங்குங்கள்.

உண்மையான பாடு அப்புறம்தான். செத்த பெயிண்ட் முழுக்க பேடில் ஏறிவிடுகிறது. இரண்டு சதுரம் முடிவதற்குள் ஃபோமின் துளைகள் அடைத்து, சிவப்புச் சாந்து பூசியது போல் ஆகிவிட்டது. அதோடு ஓட்டினால் பாலிஷ் வெட்டாது, இழுக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டு பிரஷ்ஷால் தட்டினேன். கதவு, பானட், டிக்கிக்கு மட்டும் ஆறு பேட் மாற்றினேன். சாயங்காலம் பக்கெட்டில் அலசினால் தண்ணீர் ஆரத்திக் கரைசல் போல இருந்தது.

நேரம் முக்கியம். காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்திவிட வேண்டும். தகடு சூடானால் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும், அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து, ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்தபிறகே அடுத்த சதுரத்துக்குப் போனேன்.

ஒரு தவறும் நடந்தது. பானட் மடிப்பில் டேப் ஒட்டாமல் ஓட்டியதில் ஒரு விரல் நீளத்துக்குச் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற பிரைமர் தெரிந்துவிட்டது. மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் மெலிவாகத்தான் இருக்கும். பார்த்ததும் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து எல்லா ஓரத்துக்கும் டேப்.

நான்கு ஞாயிறு ஆயிற்று. கதவுகளுக்கு வேக்ஸ் போட்டாகிவிட்டது, எதிர்வீட்டு முருங்கை மரம் அதில் இலை இலையாகத் தெரிகிறது. ரூஃப் பாக்கி. வெயில் நேராக விழும் இடம், நடுவில் நிறம் ரொம்பவே மெலிந்திருக்கிறது. அங்கே மெஷின் வைக்கப்போவதில்லை, ஃபினிஷிங் பேடைக் கையில் பிடித்து மெதுவாகத் தேய்க்கப்போகிறேன்.