விளக்கு அணையும் கதைகள்

எங்கள் வாசகர் வட்டம் இரண்டாம் சனிக்கிழமைதோறும் குடியிருப்பின் மொட்டை மாடியில் கூடும். மொத்தம் ஆறு பேர். நான்கு பேர் மின்வாரிய ஆட்கள், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஆறாவது ஆள் ஓய்வுபெற்ற போர்மேன் அண்ணன். அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. யாராவது கதையைச் சொல்வோம். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்தே நான் புத்தகத்தை ஒழுங்காக முடித்துவிட்டுப் போவேன்.

கொள்ளைநோயில் உலகம் அழியும் நாவல்களைப் படிக்கலாம் என்று 2022இல் ஆரம்பித்து வைத்தவர் டீச்சர். "பட்டது போதாதா மேடம்?" என்றேன். கடைசியில் எல்லாவற்றையும் முதலில் முடித்தது நான்தான். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பார்த்துப் பகிர்ந்து விடும் லோடு டெஸ்பாட்ச்சில் வேலை பார்ப்பவனுக்கு இந்த மாதிரிக் கதைகளில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். ஊரே சாகும் பக்கங்களைத் தள்ளிவிட்டு, கரண்ட் எப்போது போகிறது என்று தேடுவேன்.

ஜாக் லண்டன் எழுதி 1912இல் வெளிவந்த 'ஸ்கார்லெட் பிளேக்'கில் எனக்கு வேலையே இல்லை. எல்லாம் முடிந்து அறுபது வருஷம் கழித்து, ஒரு கிழட்டுப் பேராசிரியர் பேரன்களுக்குப் பழங்கதை சொல்கிறார். பேரன்களுக்கு அவர் பேச்சில் பாதி புரியவில்லை. சண்டை மூட்டியது ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்', 1949இல் வந்தது. அதில் மனிதர்கள் போன பிறகும் தெருவிளக்குகள் எரிகின்றன. நீர்மின் நிலையம் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒருநாள் விளக்குகள் மங்கி, சிவந்து, அணைகின்றன. படிக்க அழகான இடம்தான். ஆனால் எங்கள் நான்கு பேருக்கும் பொறுக்கவில்லை. அனல் நிலையத்துக்கு நிலக்கரி யார் தள்ளுவது? மக்கள் எடுக்கும் மின்சாரமும் (நாங்கள் சுமை என்போம்) கொடுக்கும் உற்பத்தியும் நொடிக்கு நொடி ஒத்துப்போனால்தான் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கிரிட், ஆள் இல்லாமல் ஒரு நாள் தாங்கினால் அதிசயம் என்றேன். ஒற்றை அணை, பக்கத்தில் ஒற்றை ஊர் என்றால் ஓடலாம் என்றார் இன்னொருவர். டீ ஆறிப்போனது.

டீச்சர் குறுக்கே வந்து, "அந்த ஒன்பது நிமிஷம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்கு, இரவு 9 மணி. நாடு முழுக்க ஒன்பது நிமிஷம் விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். விளக்கை மட்டும்தான், ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடலாம். சுமை 12,000, 13,000 மெகாவாட் இறங்கும் என்று தேசிய அளவில் கணக்குப் போட்டிருந்தார்கள். இறங்கியதோ 31,000. மக்கள் எட்டே முக்காலுக்கே அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அனல் நிலையங்களை முன்கூட்டியே இறக்கி, நீர்மின்சாரத்தை உச்சத்தில் ஓட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். தண்ணீரைச் சட்டென்று நிறுத்தலாம், சட்டென்று விடலாம், கொதிகலனிடம் அது நடக்காது. அதிர்வெண் 50.26 வரை ஏறி, 49.70 வரை இறங்கியது. வெளியே கைதட்டல், வெடிச்சத்தம். உள்ளே திரையைப் பார்த்தபடி நாங்கள் மூச்சு விட்டோமா என்பதே சந்தேகம்.

அந்த மாதங்களில் எங்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு அணி இன்னொரு அணியின் முகத்தில் விழிக்கக் கூடாது. ஷிஃப்ட் மாற்றுவது ஃபோனிலும் லாக் புக்கிலும்தான். எதிர் அணியில் ஒருவர் 'ழ'வுக்குப் பெரிய வால் போடுவார். 2021 மே மாதம் அவர் போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பார்த்தது அவர் கையெழுத்தை மட்டும்தான்.

நாவல்காரர்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் இதுதான் என்று நினைக்கிறேன். நோய் வந்தால் அவர்கள் கதையில் ஆட்கள் சாகிறார்கள், ஓடுகிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு டிபன் டப்பாவோடு கிளம்புகிறவன் கண்ணில் படுவதில்லை.

கடைசியாகப் படித்தது எமிலி செயின்ட் ஜான் மாண்டலின் 'ஸ்டேஷன் இலெவன்' (2014). நோய்க்குப் பின் இருபது வருஷமாக மின்சாரமே இல்லாத உலகம். ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் குழு. முடிவுக்குப் பக்கத்தில், விமான நிலையக் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் எங்கோ தூரத்து ஊரில் வரிசையாகத் தெருவிளக்குகள் எரிகின்றன. டீச்சர் அந்தப் பக்கத்தை வாசித்தபோது நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

தமிழில் கேட்டுக்கொண்ட போர்மேன் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கரண்டு வந்துச்சு, சரி. லைனைப் போடும்போது மேல ஆள் இல்லேன்னு யாரு தம்பி பாத்தது?"

"அதெல்லாம் புத்தகத்துல இல்லண்ணே."

"ஆள் இறங்கியாச்சுன்னு லைன் கிளியர் திருப்பிக் கொடுத்த பிறகுதானே போட்டிருக்கணும். ஃபோன் உண்டா அங்க?"

"கிடையாது."

"அப்ப ஒருத்தன் சைக்கிள்ல போயிருப்பான்."